ரூ. 3,500 கோடு: தில்லி வாடகைதாரர்களை இரண்டாகப் பிரித்த உச்சவரம்பு

புது தில்லி: தலைநகரின் மையத்தில் உள்ள கனாட் பிளேஸில், வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரங்களை ஒட்டிய கடைகளில் சில, பல பத்தாண்டுகளுக்கு முன் நிர்ணயிக்கப்பட்ட வாடகையையே இன்னமும் செலுத்தி வருகின்றன. சில இடங்களில் அந்த வாடகை நூறுகளில்தான் உள்ளது. அங்கிருந்து மெட்ரோ ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் வந்துவிடும் லட்சுமி நகரில், ஜன்னல் இல்லாத ஓர் அறைக்கு அதைப்போலப் பல மடங்கு வாடகை கொடுக்கிறார் பிகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்த தொழிலாளி.

கனாட் பிளேஸ் கடைக்காரரை அவ்வளவு எளிதில் யாரும் காலி செய்துவிட முடியாது. லட்சுமி நகர் தொழிலாளியை அடுத்த மாதமே வெளியேறச் சொல்லலாம். முன்னவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, பின்னவருக்கு இல்லை. ஏழை வாடகைதாரரைக் காப்பதற்காக இயற்றப்பட்ட சட்டம் இப்படித் தலைகீழாக மாறியதற்கு முக்கியக் காரணம் ஓர் எண். அது ரூ. 3,500.

மாத வாடகை ரூ. 3,500-க்கு மேல் உள்ள கட்டடங்களுக்கு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தாது என 1988-ல் நாடாளுமன்றம் வரம்பு விதித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் மத்தியில் பல ஆட்சிகள் மாறிவிட்டன. ஊதியக் குழுக்கள் வந்து போய்விட்டன. இந்த ஓர் எண்ணை மட்டும் யாரும் தொடவில்லை.

போரில் பிறந்த சட்டம்

வாடகைக் கட்டுப்பாடு இந்தியாவுக்குப் போர்க்கால ஏற்பாடாகவே அறிமுகமானது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ம் ஆண்டில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் புது தில்லிக்கு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. போருக்காக அதிகாரிகளும் ஊழியர்களும் தலைநகரில் குவிந்ததால் வாடகை எகிறியதே இதற்குக் காரணம். பின்னர் பஞ்சாபின் வாடகைச் சட்டம் தில்லிக்கு நீட்டிக்கப்பட்டது. 1944-ல் தனி அவசரச் சட்டமும், 1947-லும் 1952-லும் புதிய சட்டங்களும் வந்தன.

போர் முடிந்த பிறகும் கட்டுப்பாடு நீங்காததற்குக் காரணம் தேசப் பிரிவினை. 1941-ல் சுமார் 9 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை, 1951-ல் 17 லட்சத்தைத் தாண்டியது. மேற்கு பஞ்சாபிலிருந்து வீடு, நிலம், தொழில் அனைத்தையும் இழந்து வந்தவர்கள் கிடைத்த இடத்தில் தங்கினர். அன்றைய நிலையில் வாடகையைச் சந்தையின் போக்குக்கு விட்டிருந்தால் அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் தெருவுக்கே வந்திருப்பர்.

இந்தப் பின்னணியில்தான் 1958-ம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1959 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வாடகையைக் கட்டட உரிமையாளர் தன் விருப்பம்போல் உயர்த்த முடியாது. சட்டத்தில் கூறப்பட்ட காரணங்கள் இன்றி யாரையும் காலி செய்ய முடியாது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 'பகடி' என்று தில்லியில் அழைக்கப்படும் நுழைவுத் தொகை கேட்பது குற்றம். வாடகைக்கு ரசீது பெறுவது வாடகைதாரரின் உரிமை. தண்ணீர், மின்சாரத்தைத் துண்டித்து மிரட்டினால் உரிமையாளர் மீது நடவடிக்கை எடுக்கலாம். இவையெல்லாம் அச்சட்டம் அளித்த பாதுகாப்புகள். காகிதத்தில் பார்த்தால், வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இதைவிட அரணான சட்டம் இருக்க முடியாது.

உறைந்த வாடகை

அந்தச் சட்டத்தில் ஒரு பெரும் குறை இருந்தது. விலைவாசி உயரும்போது வாடகையும் உயர்வதற்கான வழி அதில் இல்லை. கட்டுமானச் செலவையும் நிலத்தின் அன்றைய மதிப்பையும் கூட்டி, அதில் ஆண்டுக்கு ஏழரை சதவீதம் என்ற கணக்கில் நிர்ணயிக்கப்பட்ட வாடகை அப்படியே உறைந்து நின்றது. வீட்டைப் பழுதுபார்க்கும் செலவும் சொத்து வரியும் உயர்ந்துகொண்டே போக, வாடகை மட்டும் நகரவில்லை.

30 ஆண்டுகளுக்குப் பிறகு, 1988-ல்தான் இதற்குத் திருத்தம் வந்தது. அப்போது மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகையை 10 சதவீதம் உயர்த்தலாம் என்பது முதலாவது. புதிதாகக் கட்டப்படும் கட்டடங்களுக்குப் பத்து ஆண்டுகள் விலக்கு என்பது இரண்டாவது. மாத வாடகை ரூ. 3,500-ஐத் தாண்டினால் சட்டமே பொருந்தாது என்பது மூன்றாவது.

முதல் மாற்றம் எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டால் புரியும். 1988 டிசம்பரில் மாதம் ரூ. 100 வாடகை உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் 10 சதவீதம் உயர்த்தப்பட்டிருந்தால், 36 ஆண்டுகளில் 12 முறை உயர்ந்து, 2024 டிசம்பரில் அது ஏறத்தாழ ரூ. 314 ஆகியிருக்கும். அதே காலத்தில் அக்கடையில் விற்கப்படும் பொருள்களின் விலை எத்தனை மடங்காகியிருக்கும் என்பதை வாடிக்கையாளர்களே அறிவர்.

கடைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பும் நெடுங்காலம் இருந்தது. உரிமையாளர் தன் சொந்தத் தேவைக்காகக் காலி செய்யக் கோரும் உரிமை வீடுகளுக்கு மட்டுமே உண்டு, வணிக இடங்களுக்கு இல்லை என்பதே சட்டத்தின் நிலை. வணிக வாடகை உரிமை வாரிசுகளுக்கும் செல்லும் என 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்கும் கடைக்கும் இடையிலான அந்த வேறுபாடு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அதே நீதிமன்றம் கூறியது 2008-ல்தான். அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

அன்று அதிகாரிக்கு, இன்று கடைநிலை ஊழியருக்கு...

ரூ. 3,500 என்ற வரம்பு விதிக்கப்பட்டபோது அதில் ஒரு நியாயம் இருந்தது. இவ்வளவு பெரிய வாடகையைக் கொடுக்கும் வசதி படைத்தவருக்கு அரசின் பாதுகாப்பு எதற்கு என்பதே அந்த நியாயம். வரம்பு பாரபட்சமானது எனத் தொடரப்பட்ட வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 1990-களில் இதை ஏற்று, வரம்பை உறுதி செய்தது.

அன்றைய ரூ. 3,500-ன் மதிப்பை அறிய மத்திய அரசின் ஊதிய விகிதமே போதுமானது. அப்போது நடைமுறையில் இருந்த நான்காவது ஊதியக் குழுவின்படி, கடைநிலை ஊழியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 750. இந்திய ஆட்சிப் பணியில் புதிதாகச் சேரும் அதிகாரிக்கு ரூ. 2,200. அதாவது, புதிய ஐ.ஏ.எஸ். அதிகாரியின் அடிப்படை ஊதியத்தைவிட அதிகமான வாடகை கொடுப்பவர்தான் 'வசதி படைத்தவர்' என அன்று கருதப்பட்டார்.

2016 முதல் அமலுக்கு வந்த ஏழாவது ஊதியக் குழு, கடைநிலை ஊழியரின் அடிப்படை ஊதியத்தை ரூ. 18,000 ஆக்கியது. 1988-ல் வாடகை வரம்பு கடைநிலை ஊழியரின் அடிப்படை ஊதியத்தைப்போல் நாலரை மடங்குக்கு மேல் இருந்தது. அதே விகிதம் 2016-ல் பின்பற்றப்பட்டிருந்தால் வரம்பு சுமார் ரூ. 84,000 ஆகியிருக்கும். ஆனால், மாறாத வரம்போ கடைநிலை ஊழியரின் அடிப்படை ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதைவிட வியப்பானது வீட்டு வாடகைப்படி. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை ஏற்றபோது, தில்லி போன்ற பெருநகரங்களில் பணியாற்றும் கடைநிலை ஊழியருக்கும் மாதம் ரூ. 5,400-க்குக் குறையாமல் வீட்டு வாடகைப்படி வழங்க மத்திய அரசு 2017-ல் முடிவு செய்தது. தில்லியில் எளிய குடும்பம் தலைசாய்க்க ஓர் இடம் பிடிக்கவே ரூ. 5,400 வேண்டும் என அரசின் நிதித் துறை ஒப்புக்கொள்கிறது. அதே தில்லியில் ரூ. 3,501 வாடகை கொடுப்பவர் சட்டப் பாதுகாப்பு தேவைப்படாத வசதி படைத்தவர் என அரசின் இன்னொரு சட்டம் கூறுகிறது. இரண்டும் ஒரே அரசின் கணக்கு.

வருமான வரிச் சட்டத்திலும் இதுபோன்ற வரம்பு உண்டு. நிறுவனத்திடமிருந்து வீட்டு வாடகைப்படி பெறாதவர்கள், தாங்கள் செலுத்தும் வாடகைக்காகக் கோரக்கூடிய வரிக் கழிவு மாதம் ரூ. 2,000 என்று நீண்ட காலம் இருந்தது. அது போதாது என்று உணர்ந்து 2016-ம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ரூ. 5,000-ஆக உயர்த்தப்பட்டது. வரிக் கழிவுக்கான வரம்பை உயர்த்த முடிந்தவர்களால் வாடகைச் சட்டத்தின் வரம்பை உயர்த்த முடியாமல் போனது ஏன் என்பதற்கு இதுவரை விளக்கம் இல்லை.

கோட்டுக்கு மேலே: 11 மாத வாழ்க்கை

வரம்பைத் தாண்டிய வாடகைதாரரை ஆள்வது 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம். அவருக்கும் உரிமையாளருக்கும் இடையே உள்ளது வெறும் ஒப்பந்தம் மட்டுமே. மாத வாடகையில் இருப்பவரைக் காலி செய்ய 15 நாள் முன்னறிவிப்பு போதுமானது. காரணம் கூற வேண்டியதில்லை.

தில்லியில் வீடு தேடுவோர் அனைவரும் அறிந்த '11 மாத ஒப்பந்தம்' உருவானதும் இதையொட்டியே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயம். அதைத் தவிர்க்கவே 11 மாதம். ஒவ்வொரு 11 மாத முடிவிலும் வாடகை உயரும். உடன்படாதவர் மூட்டை கட்ட வேண்டும். வீடு மாறும்போதெல்லாம் தரகருக்கு அரை மாத வாடகையோ, ஒரு மாத வாடகையோ கட்டணம். குழந்தைகளின் பள்ளிக்கூடமும், ரேஷன் அட்டையின் முகவரியும், வாக்காளர் பட்டியலில் பெயரும் இந்த 11 மாதச் சுழற்சியில் சிக்கித் தவிக்கின்றன.

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கத் தமிழகம் உள்பட நாடெங்கிலுமிருந்து வரும் இளைஞர்களின் நிலை இதற்குச் சான்று. பழைய ராஜிந்தர் நகரில் பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் 2024 ஜூலை 27-ம் தேதி வெள்ளம் புகுந்து மூன்று பேர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து நடைபெற்ற போராட்டத்தில் மாணவர்கள் எழுப்பிய கோரிக்கைகளில், தாறுமாறான அறை வாடகைக்குக் கடிவாளம் வேண்டும் என்பதும் ஒன்று. தலைநகரில் 1958 முதல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கும்போதே, வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று மாணவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

கோட்டுக்குக் கீழே: சட்டம் எட்டாத ஏழைகள்

அப்படியானால் ரூ. 3,500-க்குள் வாடகை கொடுக்கும் ஏழைகளாவது பாதுகாப்பாக இருக்கின்றனரா என்றால், அதுவும் இல்லை.

இச்சட்டம் தில்லி முழுமைக்கும் பொருந்தாது. புது தில்லி நகராட்சி, ராணுவக் குடியிருப்புப் பகுதி, மாநகராட்சியின் குறிப்பிட்ட நகர்ப்புறப் பகுதிகள் ஆகியவற்றுக்கே அது முதலில் வகுக்கப்பட்டது. பிந்தைய காலத்தில் நகரமாகிவிட்ட கிராமங்களுக்கு மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் சட்டம் அங்கே செல்லும். குறைந்த வாடகையில் அறை கிடைப்பதோ பெரும்பாலும் நகரின் விளிம்பில் உள்ள கிராமங்களிலும் அங்கீகாரமற்ற குடியிருப்புகளிலும்தான். மலிவான அறை இருக்கும் இடத்தில் சட்டம் இல்லை. சட்டம் இருக்கும் இடத்தில் மலிவான அறை இல்லை.

சட்டம் பொருந்தும் இடத்திலும் நிரூபணம் வேண்டும். ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கும் கட்டடத் தொழிலாளர்களிடமும், வீட்டு வேலை செய்யும் பெண்களிடமும் ஒப்பந்தம் இருப்பதில்லை. வாடகை ரொக்கமாகக் கைமாறுகிறது. ரசீது கேட்டால் அறை கிடைக்காது. ரசீது இல்லாதவர் தான் வாடகைதாரர் என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டும். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்க அவரால் இயலாது.

ஜங்புராவில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வசித்துவந்த 'மதராசி கேம்ப்' 2025 ஜூன் 1-ம் தேதி அகற்றப்பட்டபோது, ஒரு பகுதியினருக்கு மட்டுமே தொலைவில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உள்ளதாக அறிவிக்கப்பட்டது. தகுதி பெறாதவர்களுக்கு முன் இருந்த வழிகளில் ஒன்று, இந்த ரசீது இல்லாத வாடகைச் சந்தை.

சலுகையும் சேரவில்லை

ரசீதும் ஒப்பந்தமும் இல்லாததன் விலை, காலி செய்யப்படும் அச்சத்தோடு நிற்பதில்லை. அரசு அளிக்கும் சலுகைகளும் வாடகைதாரரை எட்டுவதில்லை.

மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம் என 2019 ஆகஸ்டில் தில்லி அரசு அறிவித்தது. மின் இணைப்பு உரிமையாளரின் பெயரில் இருக்க, வாடகைதாரர் துணை மீட்டரின்படி யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவரிடமே பணம் செலுத்தும் வழக்கம் நகரெங்கும் உள்ளது. இதனால் இலவசத்தின் பலன் வாடகைதாரருக்குக் கிடைக்கவில்லை. இதை உணர்ந்த அரசு, உரிமையாளரின் தடையில்லாச் சான்று இன்றியே வாடகைதாரர் தன் பெயரில் முன்கட்டண மீட்டர் பெறும் திட்டத்தை அதே ஆண்டு செப்டம்பரில் கொண்டு வந்தது. ஆனால், அதற்கும் வாடகை ஒப்பந்தமோ ரசீதோ தேவைப்பட்டது. சலுகை மிகவும் தேவைப்பட்டவர்களிடம் இல்லாததும் அதுவே.

கரோனா பொது முடக்கத்தின்போது இந்தப் பள்ளம் முழுமையாக வெளிப்பட்டது. தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 29-ம் தேதி உத்தரவிட்டது. ஏழை வாடகைதாரர்களால் வாடகை செலுத்த இயலாவிட்டால் அரசே செலுத்தும் என அன்றே அப்போதைய தில்லி முதல்வர் அரவிந்த் கேஜரிவால் செய்தியாளர்களிடம் அறிவித்தார். ஆனால், அந்த வாக்குறுதி திட்டமாக மாறவில்லை.

தினக்கூலித் தொழிலாளர்கள் சிலர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். முதல்வர் அளித்த வாக்குறுதி செயல்படுத்தத் தக்கதே என்றும், அதுகுறித்து ஆறு வாரங்களுக்குள் அரசு முடிவெடுக்க வேண்டும் என்றும் தனி நீதிபதி 2021 ஜூலை 22-ம் தேதி தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. இரு நீதிபதிகள் அமர்வு அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்புக்குத் தடை விதித்தது. முடக்கக் காலத்து வாடகை பாக்கியைத் தொழிலாளர்கள் கடன் வாங்கியோ ஊரைப் பார்த்துப் போயோதான் தீர்க்க வேண்டியிருந்தது.

பிரிட்டன் அனுபவம்

வாடகையை அரசே செலுத்தும் ஏற்பாடு பிரிட்டனில் நெடுங்காலமாக உள்ளது. தனியார் வீடுகளில் வசிக்கும் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு, அந்தந்தப் பகுதியின் வாடகை நிலவரத்தை ஒட்டிய உச்சவரம்பு வரை உதவித்தொகை வழங்கப்படுகிறது. அங்கும் சிக்கல் வரம்பில்தான் எழுந்தது. பகுதியில் உள்ள வீடுகளில் சரிபாதி கட்டுப்படியாகும் அளவில் இருந்த வரம்பு, 2011-ல் பத்தில் மூன்று வீடுகள் மட்டுமே கட்டுப்படியாகும் அளவுக்குக் குறைக்கப்பட்டது. 2016 முதல் நான்கு ஆண்டுகள் அது உயர்த்தப்படாமல் முடக்கப்பட்டது. 2020-ல் சரிசெய்யப்பட்ட பின் மீண்டும் 2024 வரை உறைந்தது.

வாடகை உயர உயர, உதவித்தொகைக்கும் உண்மை வாடகைக்கும் இடையிலான வித்தியாசத்தைக் குடும்பங்கள் தங்கள் உணவுச் செலவிலிருந்து எடுத்துக் கொடுத்தன. முறை வேறாக இருந்தாலும் தில்லிக்கும் லண்டனுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. விலைவாசியோடு நகராத எந்த வரம்பும், காலப்போக்கில் அது யாருக்காக விதிக்கப்பட்டதோ அவர்களையே கைவிட்டுவிடும். நான்கு ஆண்டு முடக்கம் பிரிட்டனில் அரசியல் பிரச்னையானது. தில்லியில் 1988 முதல் நீடிக்கும் முடக்கம் தேர்தல் பிரசாரத்தில் இடம்பெறுவதே அரிது.

பிறந்தும் வாழாத சட்டம்

சீர்திருத்தத்துக்கு முயற்சியே நடக்கவில்லை என்று கூற முடியாது. பி.வி. நரசிம்ம ராவ் ஆட்சிக் காலத்தில் புதிய தில்லி வாடகைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1995 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் அளித்தார். அமலாகும் தேதியை அறிவிக்க வேண்டியது மட்டுமே பாக்கி.

அந்த அறிவிக்கை வரவே இல்லை. பழைய வாடகையில் கடை நடத்தும் வணிகர்கள் கடையடைப்பும் ஆர்ப்பாட்டமும் நடத்தினர். வணிகர்களின் ஆதரவை இழக்க எந்தக் கட்சியும் தயாராக இல்லை. 1997-ல் திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது, அதுவும் நிறைவேறவில்லை. சட்டத்தை அமல்படுத்த உத்தரவிடுமாறு கோரிய பொதுநல மனுவை, அது அரசின் முடிவுக்கு உட்பட்டது எனக் கூறி உச்ச நீதிமன்றம் 2003-ல் ஏற்க மறுத்தது. இறுதியில், ஒரு நாள்கூட அமலில் இல்லாத அச்சட்டத்தை ரத்து செய்வதற்கான மசோதா 2013-ல் மாநிலங்களவையில் அறிமுகமானது.

இதற்கிடையே நீதிமன்றங்கள் பழைய சட்டத்தின் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றின. மும்பையில் வாடகையை 1940-ம் ஆண்டு அளவில் உறைய வைத்திருந்தது நியாயமற்றதாகிவிட்டது என 1997-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. தில்லிச் சட்டத்தில் வாடகை நிர்ணயம் தொடர்பான பிரிவுகள் செல்லாது என 2002-ல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வசதி படைத்த வாடகைதாரர்கள் இச்சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகவும், அது காலத்துக்கு ஒவ்வாதது என்றும் 2025-ல் அதே நீதிமன்றம் கண்டித்தது. ஆனால், பிரிவுகளை நீக்க நீதிமன்றத்தால் முடியுமே தவிர, ரூ. 3,500-க்குப் பதிலாக வேறோர் எண்ணை எழுத அதனால் முடியாது. அது நாடாளுமன்றத்தின் வேலை.

பூட்டிய வீடுகள், தேடும் மக்கள்

கட்டட உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர், தன் வீட்டு மாடியில் இருப்பவர் தரும் வாடகை சொத்து வரிக்கே போதாமல், வழக்கிலேயே வாழ்நாளைக் கழிப்பது பழைய தில்லியில் காணக் கிடைக்கும் காட்சி. வாடகைக்கு விட்டால் வீடு திரும்பக் கிடைக்காது என்ற அச்சத்தில் பலர் பூட்டியே வைக்கின்றனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. தில்லியில் மட்டும் சுமார் 3 லட்சம். நகரங்களில் வாடகை வீடுகளின் பங்கு 1961-ல் 54 சதவீதமாக இருந்து, 2011-ல் 28 சதவீதமாகக் குறைந்துவிட்டதாக மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிட்டது. வாடகைக் கட்டுப்பாடும் குழப்பமான சொத்துரிமையும் இதற்குக் காரணங்கள் என்றும் அது கூறியது. வாடகைதாரரைக் காக்க வந்த வரம்பு, வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மறைமுகமாக வாடகையை உயர்த்தியிருக்கிறது.

இதற்கு மாற்றாக மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-ம் தேதி மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். வீடுகளுக்கு முன்பணம் இரு மாத வாடகைக்கு மேல் கூடாது. தகராறுகளுக்குத் தனி வாடகை ஆணையமும் நீதிமன்றமும். அத்தியாவசிய சேவைகளைத் துண்டிக்கத் தடை ஆகியன அதன் அம்சங்கள். தமிழகம் இந்த வழியில் முன்னரே சென்றுவிட்டது. 1960-ம் ஆண்டுச் சட்டத்தைக் கைவிட்டு, 2017-ல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரி முதல் அமல்படுத்தியது. அதன்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. அதுவரை சென்னையில் பத்து மாத முன்பணம் சர்வசாதாரணம்.

எனினும், மாதிரிச் சட்டத்தில் வாடகைக்கு உச்சவரம்பு ஏதும் இல்லை. இரு தரப்பும் பேசி முடிப்பதே வாடகை. பேரம் பேசும் வலிமை இல்லாதவருக்கு ஒப்பந்தக் காகிதம் கிடைக்கும். கட்டுப்படியாகும் வாடகை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு அரசே குறைந்த வாடகை வீடுகளைப் பெருக்க வேண்டும். இடம்பெயர் தொழிலாளர்களுக்கான வாடகைக் குடியிருப்புத் திட்டத்துக்கு 2020 ஜூலையில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. முந்தைய திட்டங்களில் கட்டி முடித்தும் ஆளின்றிக் கிடக்கும் வீடுகளை வாடகைக்கு விடுவது அதில் ஒரு பகுதி. தில்லியின் பவானா, நரேலா பகுதிகளில் அத்தகைய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வேலை கிடைக்கும் இடத்திலிருந்து அவை வெகு தொலைவில் இருப்பதே அவை காலியாகக் கிடந்ததற்கு ஒரு காரணம்.

எண்ணுக்குள் இருக்கும் அரசியல்

தில்லியின் வாடகைச் சட்டம் நாடாளுமன்றத்தின் சட்டம். அதைத் திருத்தும் பொறுப்பு மத்திய அரசுடையது. பழைய வாடகையில் உள்ள வணிகர்கள் சங்கமாகத் திரண்டவர்கள். கடையை அடைத்தால் நகரம் ஸ்தம்பிக்கும். கட்டட உரிமையாளர்கள் வழக்கறிஞர் வைத்து வாதாடக் கூடியவர்கள். ஒவ்வொரு 11 மாதத்துக்கும் ஒரு முகவரியில் வாழ்பவருக்குச் சங்கம் இல்லை. பல நேரங்களில் அத்தொகுதியில் வாக்கும் இல்லை. 1995-ம் ஆண்டுச் சட்டத்தின் கதை, யாருடைய குரல் அரசின் காதில் விழுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டிவிட்டது.

வணிக இடங்களையும் வீடுகளையும் ஒரே தட்டில் வைக்காமல் பிரிப்பது, வரம்பை ஒரு நிலையான தொகையாக எழுதாமல் விலைவாசிக் குறியீட்டுடன் இணைப்பது, ரசீது இல்லாத வாடகைதாரரின் குடியிருப்பை மின்கட்டணம் போன்ற வேறு சான்றுகளால் ஏற்பது ஆகியவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி தானாக மாறுகிறது. அதே கணக்கை வாடகை வரம்புக்கும் பொருத்துவது அரசால் இயலாத காரியமல்ல.

அதுவரை, அடுத்த மாத வாடகை உயர்வை எண்ணிக் கவலைப்படும் லட்சுமி நகர் தொழிலாளிக்கு, தலைநகரில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என ஒன்று இருப்பதும் இல்லாததும் ஒன்றே. சட்டப் புத்தகத்தில் ரூ. 3,500 என்ற எண் 1988-ல் எழுதப்பட்டபடியே இருக்கிறது.